ஈர வார்னிஷில் ஒரு விரல்

எங்கள் சான் விசென்தே பேட்டையில் இர்மா கின்தேரோஸின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் ஒட்டுப்படம் ஒட்டத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆண்கள் அத்தனை பேருக்கும் அவள் வீட்டுக் கதவு தெரியும். அவர்கள் செய்வதைப் பொம்மை விமானம் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் பொத்துக்கொண்டு வரும். விகிதம் மாறாத மாதிரி விமானம் என்று சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் முதுகு ஒடிய உட்கார்ந்து பசை போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் அடித்து எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். எண்ணும் எழுத்தும் கொடிச் சின்னமும் ஒட்டுகிற கடைசிக் கட்டத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

அந்தப் படங்கள் தாளில் அச்சாகி வரும். வெட்டி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பசை இளகி, வெங்காயத் தோலைவிட மெல்லிய படலம் ஒன்று தாளைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். அதை இறக்கைமேல் நழுவவிட்டு, நேராக்கி, அடியில் இருக்கும் தண்ணீரையும் காற்றையும் ஒற்றி வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அழ வேண்டியதுதான். பெரிய மீசைக்காரர்கள் அழுததையும் இர்மா பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு இந்தக் கை வந்தது ஆஸ்பத்திரியில். கல்யாணத்துக்கு முன்பே அங்கே ஆய்வகத்தில் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாள். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துணுக்கு மெழுகுக்கட்டிக்குள் புதைந்து அவளிடம் வரும். அதை இயந்திரக் கத்தியில் சீவுவாள். சீவல் வெந்நீர்த் தட்டில் மிதக்கும். கண்ணாடிச் சில்லைச் சாய்த்து அடியில் கொண்டுபோய், ஒரு சுருக்கம் விழாமல், ஒரு குமிழி தங்காமல் ஏந்தி எடுப்பாள். அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் டாக்டர்கள் ஒருவருக்குப் பிழைப்பா சாவா என்று சொல்வார்கள். சீவலில் சுருக்கம் இருந்தால் தப்பாகச் சொல்லிவிடக்கூடும். அந்தப் பயத்திலேயே அவள் கை பழகிப்போனது.

அவள் கணவன் எவாரிஸ்தோ, விமானத் தொழிற்சாலையில் பெயிண்டர். பகலெல்லாம் நிஜ விமானத்துக்கு வர்ணம் அடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டின் பின்னறையில் குட்டி விமானத்துக்கு வர்ணம் அடிப்பான். “சலிக்கவே சலிக்காதா உனக்கு?” என்று இர்மா கேட்டால், “அங்க அடிக்கிறது அவங்களுக்கு, இங்க அடிக்கிறது எனக்கு” என்பான். ஒரு சனிக்கிழமை மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு, மாதிரி விமானம் செய்கிறவர்கள் கூடும் சங்கத்துக்குப் போய்விட்டான். கொடுக்கப் போன இர்மா, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பருத்த மனிதன் ஒருவன் ஒட்டுப்படத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“சிரிக்கிறியே, நீ செஞ்சு காட்டு பாப்போம்” என்றான் அவன்.

அவள் செய்து காட்டினாள். மேசையைச் சுற்றி இருந்த ஆண்கள் தங்கள் ஒட்டுப்படங்களையும் அவள் பக்கம் நகர்த்தினார்கள். அன்றிலிருந்து சங்கத்தில் ஒட்டுப்படம் என்றால் இர்மாதான். அவர்கள் வாய் மட்டும் சும்மா இருக்காது. “இர்மா, அந்தத் தண்ணில யாரோட ஈரலாவது மிதக்குதா பாத்துக்கோ” என்பார்கள். “உன்னோடதுதான், ஃபெர்னெட் சாராய வாசம் தூக்குது” என்று அவளும் விடமாட்டாள்.

அந்தப் பருத்த மனிதனுக்கு லிசார்தோ என்று அழகான பெயர் உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை. பேட்டைக்கே அவன் குண்டன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். சங்க அறையின் சாவி அவனிடம் இருந்ததால் தலைவரும் அவனே.

போன ஜனவரியில், எங்கள் ஊர்க் கோடையின் உச்சத்தில், எவாரிஸ்தோ செத்துப்போனான்.

அன்று இர்மா காலையிலேயே பஸ் ஏறி, பக்கத்து ஊரான ஆல்தா கிராசியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நாலு மணிவாக்கில் திரும்பி வரும்போது தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் சன்னல்களை இழுத்து மூடிவிட்டு மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் எவாரிஸ்தோ நாற்காலியில் உட்கார்ந்தபடி, தாடை நெஞ்சில் படியத் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். ஸ்பிரே துப்பாக்கி தரையில் கிடந்தது. இவனும் தூங்கிவிட்டான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சின்னப் பையன். “எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று அவள் கேட்டுக் கேட்டு அவனைத் துளைத்துவிட்டாள். “இந்த வெயில்ல உடம்பு சூடு வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இப்ப கொஞ்சம் முன்னாடியும் இருக்கலாம், மத்தியானமே கூட இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ‘மத்தியானமே கூட’ அவளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. தங்கை வீட்டில் அவள் இரண்டாம் தடவை பாஸ்தா வாங்கிச் சாப்பிட்ட நேரத்தில் அவன் இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானோ? எவ்வளவு நேரம் கூப்பிட்டான்? எட்டு மாதமாக அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. காய் நறுக்கும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகுதான் அவள் ஒரு விரல் ரேகையைப் பார்த்தாள். மேசைமேல் அவன் கடைசியாகச் செய்துகொண்டிருந்த விமானம் இருந்தது. மாகாண அரசின் பழைய ஆம்புலன்ஸ் விமானம். நிஜ விமானத்தின் இறக்கையில் பெரிய கறுப்பு எழுத்துகளை வரைந்தவனும் எவாரிஸ்தோதான். அதனால் இதன்மேல் அவனுக்குத் தனிப் பிரியம். எழுத்துகளை ஒட்டுப்படமாக அச்சடித்து வாங்கி வைத்திருந்தான், ஒரே ஒரு தாள். வெள்ளை வர்ணம் அடித்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷும் அடித்து முடித்திருந்தான். ஒட்டுப்படம் கண்ணாடி போன்ற வழவழப்பில்தான் சரியாக உட்காரும். சொரசொரப்பு இருந்தால் அடியில் காற்று சிக்கி, காய்ந்த பிறகு வெள்ளி வெள்ளியாகத் தெரியும். வெள்ளி பூத்துவிட்டது என்பார்கள். சங்கத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது.

வலது இறக்கையில், எழுத்துகள் வரவேண்டிய இடத்தில், வார்னிஷில் ஒரு விரல் பதிந்திருந்தது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், மங்கலாக.

சாகிற நேரத்தில் அவன் கையை ஊன்றிய இடம். இர்மா அப்படியேதான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? கேக் மூடுகிற கண்ணாடிக் கவிழ்ப்பை எடுத்து வந்து விமானத்தை மூடி வைத்தாள். காலையில் அதற்கு வணக்கம் சொன்னாள். கரண்ட் பில் வந்ததைச் சொன்னாள். ‘கூப்பிட்டியா என்னை?’ என்றும் கேட்டாள். பின்னறையில் ஸ்பிரே துப்பாக்கிக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸரை அவள் அணைக்கவே இல்லை. குழாயில் எங்கோ காற்று கசிந்துகொண்டிருந்தது. அழுத்தம் குறைந்ததும் அது தானாகவே உறுமி எழும், கொஞ்ச நேரம் ஓடி அடங்கும். வீடே தூங்குகிற மதியத்தில் திடீரென்று அந்தச் சத்தம் வரும்போது, வேலையை ஆரம்பித்துவிட்டான் என்று ஒரு கணம் தோன்றும். “சரி சரி, கேக்குது” என்று அவள் சமையலறையிலிருந்து பதில் சொல்வாள். இது கசிவு, வேறொன்றும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பதில் சொல்வாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்துப்போனால், அவர் பாதியில் விட்ட மாதிரியை மற்றவர்கள் முடித்து, வசந்தகாலக் கண்காட்சியில் அவர் உட்காரும் இடத்தில் வைப்பார்கள். பக்கத்தில் அவர் மாத்தே இலைக் கஷாயம் குடிக்கிற குடுவையும் இருக்கும். நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். எவாரிஸ்தோவுடையதில் பாக்கி இருந்தது ஒட்டுப்படம் மட்டும்தான். அது இர்மாவின் வேலை என்பதில் பேச்சே இல்லை. அவளோ இன்று நாளை என்று கடத்திக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பரில் வசந்தம் பிறக்கிற சமயத்தில் குண்டனும், ஒல்லியன் என்று எல்லோரும் கூப்பிடுகிற பள்ளிக்கூட வாத்தியாரும் வந்தார்கள். விரல் பதிவைப் பற்றிச் சங்கம் முழுக்க முன்பே தெரியும். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். குண்டன் ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வான்.

“இர்மா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே” என்று ஆரம்பித்தான் ஒல்லியன். “ரெண்டாயிரம் நம்பர் உப்புத்தாள் வெச்சு லேசா ஒரு தேய். மேல ஒரு கை வார்னிஷ். முடிஞ்சுது. எவாரிஸ்தோ எவ்வளவு சுத்தமா வேலை செய்றவன்? அவன் பேர்ல வெள்ளி பூத்த இறக்கையை வெச்சா அவனுக்குத்தானே அவமானம்?”

“தேய்க்கிறதா!” குண்டன் எகிறினான். “செத்தவன் விரலையாடா தேய்க்கச் சொல்றே? மனுசனா நீ?”

“நான் வார்னிஷைத் தேய்க்கச் சொன்னேன்.”

“உன் மூஞ்சிய தேய்க்கணும்.”

“சண்டை போடணும்னா தெருவுல போய் போடுங்க” என்றாள் இர்மா. “தேய்க்கப் போறதில்ல. அப்படியே மேல ஒட்டிடறேன். விரல் அடியில இருந்துட்டுப் போகட்டும். நான் செத்தா என்கூட வெச்சுப் புதைச்சிடுங்க.”

அழுக்கின்மேல், ரேகையின்மேல் ஒட்டுப்படம் வைப்பது வேலை தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இல்லை. அவள் வாழ்நாளில் அப்படி ஒன்று செய்ததும் இல்லை. ஆனால் கணவனிடம் இருந்து மிஞ்சியது இந்த ஒன்றுதான். சட்டைகளில் வாசம் போய்விட்டது. குரல் பதிவாகி எங்கும் இல்லை. இதையும் தேய்த்துவிட்டு எதைப் பார்த்துப் பேசுவாள்?

கண்காட்சிக்கு முந்தைய வாரம், சாப்பாடு முடிந்து பேட்டை அடங்கிய பிறகு, அவள் பின்னறைச் சன்னலை மட்டும் திறந்து வைத்து உட்கார்ந்தாள். சூப் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். சின்னக் குப்பியில் வினிகர், படலத்தை இளக்கிப் படிய வைக்க. மெல்லிய தூரிகை, ஒற்றுத்தாள். கண்ணாடிக் கவிழ்ப்பைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

எழுத்துகளை வெட்டித் தண்ணீரில் போட்டாள். தாள் ஒரு தடவை சுருண்டு மறுபடி விரிந்தது. இறக்கைமேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, படலத்தைத் தூரிகை நுனியால் நகர்த்தினாள். கறுப்பு எழுத்துகள் தனித்தனியாக இருந்தாலும் அவற்றின் நடுவே நிறமற்ற படலம்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். விரல் பதிவு சரியாக இரண்டு எழுத்துகளுக்கு நடுவில், அந்த வெறும் படலத்தின் அடியில் போய்ச் சேர்ந்தது. நேராக்கினாள். ஒற்றினாள். அவள் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காய்வதைப் பார்த்தாள்.

ஈரம் விலக விலக, படலத்தின் அடியில் வெள்ளி பூத்தது. ரேகைப் பள்ளங்களில் சிக்கிய காற்று ஒவ்வொரு கோடாக எழுந்து வந்தது. எட்டு மாதமாகச் சாய்த்துச் சாய்த்து மங்கலாகப் பார்த்தது, இப்போது சுழிசுழியாக, எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிவாக மேலே வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒருவன் கண்ணாடியில் விரல் வைத்து அழுத்துவது போல இருந்தது.

“வந்துட்டியா” என்றாள்.

சந்தோஷமாய், விளக்கோடு சேர்ந்த பெரிய லென்ஸை இழுத்துக் குனிந்தாள். ஆய்வகத்துப் பழக்கம் விடாது, எதையும் ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே போவாள். ரேகையின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. வெள்ளி இல்லாத, வெறும் கோடு. சாய்வாக, மேலிருந்து கீழே, எல்லாச் சுழிகளையும் வெட்டிக்கொண்டு. தூரிகை முடி ஏதாவது விழுந்திருக்குமோ என்று பார்த்தாள். முடி இல்லை. கோட்டின் இரு பக்கமும் ரேகைகள் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. வெட்டுப்பட்டு ஆறிய தோல்தான் அப்படி இருக்கும்.

எவாரிஸ்தோவின் விரலில் அப்படி எதுவும் கிடையாது. முப்பது வருஷம் பிடித்த கை, அவளுக்குத் தெரியாதா?

ஆய்வகத்தில் சீவல் கத்தியிடம் மாட்டாத விரலே இல்லை. இர்மாவின் ஆள்காட்டி விரலை அது வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதம் பார்த்தது. தையல் போட்டு ஆறி, அவள் அதை மறந்தே போயிருந்தாள். இப்போது மெதுவாக விரலைத் தூக்கி லென்ஸுக்கு அடியில், இறக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அதே சாய்வு. அதே கோடு.

அவள் எழுந்திருக்கவில்லை. கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு ஓடியது, அடங்கியது. அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வந்து நாற்காலிக்கு மேலே குனிந்து அவனை உலுக்கியபோது, இன்னொரு கையை மேசையில் ஊன்றியிருக்கிறாள், ஒரு விரல் இறக்கைமேல் பட. ஊன்றியது நினைவில்லை. ஆனால் அப்புறம் அவன் உடம்பைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் விரலில் பிசுபிசுவென்று இருந்ததும், மூக்கருகே கொண்டுபோனபோது வார்னிஷில் கலக்கிற தின்னர் வாசம் அடித்ததும் நினைவுக்கு வந்தது. அவன் சட்டையிலிருந்து ஒட்டியது என்று நினைத்து, அந்த விரலை முகர்ந்து முகர்ந்து அழுதிருக்கிறாள். எட்டு மாதமாக அவள் காலை வணக்கம் சொன்னதெல்லாம் தனக்கேதான்.

குண்டன் சாயங்காலம் வந்தான், ஒட்டி ஆயிற்றா என்று பார்க்க. கையில் கறி அடைத்துச் சுட்ட எம்பனாதா ஒரு பொட்டலம். அவளை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான். லென்ஸில் குனிந்ததும் தொப்பியைக் கழற்றினான்.

“அடி ஆத்தி! அவனே வந்து உக்காந்த மாதிரி இருக்கே, இர்மா.”

“அது அவன் இல்ல.”

“என்ன சொல்றே?”

அவள் தன் விரலை லென்ஸுக்கு அடியில் நீட்டினாள். குண்டன் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

“சரி, உன் விரல்தான். அதுக்கு என்ன இப்போ? எப்பவோ பட்டிருக்கும்.”

“எப்பவோ எப்படிப் படும்? அது என்ன வார்னிஷ்னு உனக்குத் தெரியாதா? நீயும் அதைத்தானே அடிக்கிறே?”

குண்டனுக்குத் தெரியும். கார்களுக்கு அடிக்கிற சரக்கு, தின்னர் நிறையக் கலந்தது. ஜனவரி வெயிலில் ஒரு குடுவை மாத்தே உறிஞ்சி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அப்புறம் விரலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் ரேகை விழாது. அவள் கை வைத்தபோது அது ஈரமாக இருந்திருக்கிறது என்றால், அதற்குச் சற்று முன்னால்தான் எவாரிஸ்தோ அதை அடித்திருக்கிறான்.

“அப்போ அவன் ரொம்ப நேரம் கிடக்கலே!” குண்டனின் குரல் உயர்ந்தது. “இர்மா, புரியுதா உனக்கு? மத்தியானத்துல இருந்து கிடந்தான், கூப்பிட்டான்னு உன்னையே தின்னுக்கிட்டு இருந்தியே, அதெல்லாம் இல்லடி. நல்லாத்தான் இருந்திருக்கான். வேலை பாத்துக்கிட்டே போயிருக்கான். நிம்மதிதானே இது?”

“ஆமா” என்றாள் இர்மா. “அது நிம்மதிதான்.”

“அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கே?”

“அன்னிக்கு நான் வந்தது வீட்டு வாசல்லயே நிக்குற பஸ்ஸுதான் குண்டா. நான் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கிட்டேன். அவனுக்குப் பிடிக்குமேன்னு அடுக்கு ரொட்டி வாங்க. கடைக்காரம்மா மக பிரசவக் கதையைச் சொல்லிட்டு இருந்தா. நானும் நின்னு கேட்டுட்டு இருந்தேன். முழுசாக் கேட்டேன். அந்த நேரத்துல அவன் இங்க உயிரோட வார்னிஷ் அடிச்சிட்டிருந்தான்.”

குண்டன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்லித் தேற்றலாம் என்றுதான். பேருந்து ஓட்டியவன், ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம் என்பது அவனுக்குத் தெரியாதது அல்ல. பொட்டலத்தை மேசை ஓரமாக வைத்தான்.

இர்மா ஊசியை எடுத்தாள். வெள்ளி பூத்த இடத்தில் நுண்ணிய துளைகள் போட்டு வினிகர் தொட்டு வைத்தால் காற்று வெளியேறிவிடும், படலம் படிந்துவிடும்.

“வேணாம் இர்மா.” குண்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “இருக்கட்டும். யாருக்கும் சொல்ல வேணாம். அவங்க அவன் விரல்னே நெனச்சுக்கட்டும், உனக்கு என்ன போச்சு?”

“லேட்டா வந்தவளோட விரல் அது. அதை அவன் இடத்துல வெச்சு ஊரே பாக்கணுமா? கையை விடு.”

அவன் விட்டான். அவள் குத்தினாள், ஒவ்வொரு கோட்டிலும், சீவலைக் கண்ணாடியில் ஏந்துகிற அதே நிதானத்தோடு. வினிகர் வாசம் அறையில் பரவியது. தொட்ட இடமெல்லாம் வெள்ளி மங்கி, அடியிலிருந்த வெள்ளை வர்ணத்தோடு கலந்துபோனது. கடைசிச் சுழியும் போனபோது இறக்கையில் எழுத்துகள் மட்டும் நின்றன, அவன் நிஜ விமானத்தில் வரைந்தது போலவே. ஒல்லியன் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

குண்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிடலாம் என்று பார்த்தான்.

“ஈர வார்னிஷ்ல கை வெச்சிருக்கே நீ! அவன் இருந்திருந்தா உன்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பான். நான் ஒரு தடவை தெரியாம தொட்டுட்டேன், அவன் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டுச்சு. பூனையைக்கூட விடமாட்டானே, படுபாவி.”

இர்மா சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரித்தாள். ஊசியைத் துடைத்து வைத்தாள். பிறகு அந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“நான் கை வெச்சேன், குண்டா. அவன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லலே.”